ஐக்கானில் உயிரோடு இருந்தவர்

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையின் நடுவில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வாரம் பிறந்த நாளோ திருமண நாளோ வருகிறவர்களின் பெயர்களைத் திரையில் போடுவோம், போதகர் ஒவ்வொன்றாக வாசிப்பார். பெயர் வந்தவர்கள் முன்னால் போய் நிற்பார்கள். குடும்பத்தாரும் கூடப் போய் நிற்க, சபை முழுக்க அவர்களுக்காக ஜெபிக்கும். கோலா சிலாங்கூரைச் சுற்றியிருந்த தோட்டங்களைவிட்டு வெளியேறி, ஆளுக்கொரு தாமான் குடியிருப்பில் சிதறிப்போன குடும்பங்கள் நாங்கள். யார் எப்படி இருக்கிறார்கள் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது அந்தச் சில நிமிடங்களில்தான். அந்தப் பெயர்களைக் கணினியில் ஏற்றுகிற வேலை பல வருடங்களாக என்னுடையது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பதியின் திருமண நாள் திரையில் வந்தது. கணவர் பாகான் நக்கோடா ஓமார் மீனவக் கிராமத்திலிருந்து மீன் லோரி ஓட்டியவர். அவரை அடக்கம் செய்து முப்பதாம் நாள் ஜெபமும் முடிந்திருந்தது. அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன், குழியில் மண் போட்டேன். போதகர் வாசிக்கிற வேகத்தில் பெயரை வாசித்துவிட்டார். அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், பெயர் கேட்டதும் வருடாவருடம் எழுந்த பழக்கத்தில் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். பாதி வழியில்தான் பக்கத்தில் யாரும் வரவில்லை என்பது அவருக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். அங்கேயே நின்றார்.

எல்லோருடைய தலையும் மெதுவாக என் பக்கம் திரும்பியது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. இத்தனைக்கும் அவருடைய பெயரை நான் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தேன். அடக்கம் முடிந்த மறுநாளே சபைக்கு வந்து, கணினியைத் திறந்து, இறந்தவர்கள் பகுதிக்கு அவரை மாற்றினேன். என் விரல்கள்கூட அதை ஞாபகம் வைத்திருந்தன. ஆனால் திரையில் அவர் உயிரோடு இருந்தார்.

இது முதல் தடவை என்றால் தப்பு நடந்துவிட்டது என்று விட்டிருப்பார்கள். அதற்கு முன்பே சில மாதங்களாக இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. ஒரு குழந்தையின் முதல் பிறந்த நாள் விட்டுப்போனது. புதுச் சட்டை போட்டுக் கூட்டிவந்த தாய் என்னிடம் இரண்டு வாரம் பேசவில்லை. வீடு மாறிப்போன ஒரு குடும்பத்தின் பழைய முகவரி திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. திருத்துவேன், சேமிப்பேன், அடுத்த முறை பார்த்தால் காணாது. எல்லாமே காணாமல் போனால்கூடக் கணினி கெட்டுவிட்டது என்று சொல்லலாம். பாதி இருக்கும், பாதி இருக்காது. நான் செய்ததில் எது நிஜம், எது செய்ததாக நினைத்துக்கொண்டது என்று எனக்கே தெரியாமல் போனது.

எனக்கு இருந்த பயம் சபையைப் பற்றியது அல்ல. என் அம்மாவைப் பற்றியது. அம்மாவுக்கு மறதி நோய் வந்தபோது முதலில் போனது பெயர்கள்தான். தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டுப் பெண்களின் பெயர் போனது, பிறகு சமையலறைச் சாமான்களின் பெயர் போனது, கடைசியில் என் பெயரும் போனது. தோட்டத்து ஆபீசில் நான் தட்டச்சு வேலை பார்த்தது மட்டும் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்ததோ என்னவோ, என்னைத் தோட்டத்துக் கணக்கரான கிராணியின் வீட்டம்மா என்று நினைத்துக்கொண்டார். நான் சோற்றுத் தட்டோடு போனால் மரியாதைக்கு எழுந்து நிற்பார். பெற்ற மகளைக் கண்டு எழுந்து நிற்கிற தாயை உட்காரவைத்துச் சோறு ஊட்டியிருக்கிறேன். அதை என்னோடு பக்கத்தில் இருந்து பார்த்தவள் ஒருத்திதான், என் தங்கை.

தங்கை கிள்ளானில் ஒரு கம்பெனியில் கணினிப் பிரிவில் வேலை பார்த்தவள். வேலையை விட்டுவிட்டுச் சுங்கை ஆயர் தாவாரில் ஒரு வீடு எடுத்துக்கொண்டு தனியாக இருக்கிறாள். அவளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எனக்கும் புருஷன் இல்லை. மிச்சமிருக்கிற குடும்பம் நாங்கள் இரண்டு பேர்தான். சபைக் கணினியில் வாரநாட்களில் பெயர் ஏற்றுவது நான், ஞாயிற்றுக்கிழமை அதைத் திரையில் போடுவது அவள். அந்தக் கணினியில் ஓடுவது லினக்ஸ். எங்கள் சபையிலிருந்து வெளிநாட்டுக்குப் போன ஒரு எஞ்சினியர், குடும்ப விவரங்களுக்கென்று ஒரு சின்னப் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தார். கறுப்பு ஜன்னலைத் திறந்து, புரோகிராமின் பெயரைத் தட்டினால் அது வரும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். தட்டச்சுக்காரிக்கு மௌஸைவிட விசைப்பலகைதான் கைக்கு வரும். அந்தக் கறுப்பு ஜன்னலுக்கு டெர்மினல் என்று பெயர். தங்கை எப்போதும் மேசைத்திரையில் இருக்கும் ஐக்கான் என்கிற சின்னப் படத்தைத்தான் அழுத்துவாள்.

முதல் இரண்டு மூன்று தவறுகள் நடந்தபோதே அவளிடம் கேட்டேன். “ஏண்டி, கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் கோளாறு இருக்குமா?”

அவள் என் முகத்தைப் பார்க்காமல், வயர்களைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். “கம்ப்யூட்டர் மறக்காது அக்கா.”

அந்த ஒரு வாக்கியத்தோடு நான் வீட்டுக்குப் போனேன். அன்றிலிருந்து என்னை நானே வேவு பார்க்க ஆரம்பித்தேன். ரசம் கொதித்து இறக்கும்வரை அடுப்பைவிட்டு நகர மாட்டேன். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்ப வந்து இழுத்துப் பார்ப்பேன். சந்தையில் மீன்காரர் பெயர் சட்டென்று வரவில்லை என்றால், வரும்வரை அங்கேயே நிற்பேன். மீன் லோரிக்காரர் விஷயம் நடந்த பிறகு கார் ஓட்டுவதையும் விட்டேன். சாவியைத் தங்கையிடம் கொடுத்தேன். அவளும் வாங்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்கு அவள்தான் கூட்டிப்போனாள். டாக்டர் சின்னப் பெண், மலாய்க்காரி. கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார். சில வார்த்தைகளைச் சொல்லி, வேறு எதையெதையோ பேசிவிட்டு, அந்த வார்த்தைகளைத் திரும்பக் கேட்டார். ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை. பயத்தில் வரவில்லையா நோயில் வரவில்லையா என்று யாருக்குத் தெரியும். இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது, சில மாதம் கழித்துத் திரும்ப வாருங்கள் என்றார். அடுத்த தேதிக்கான தாளில் கையெழுத்துப் போட்டேன். தங்கை என் தோளில் கை வைத்திருந்தாள்.

திரும்பும் வழியில் வயல் ஓரமாகக் கார் போய்க்கொண்டிருந்தபோது அவளிடம் சொன்னேன். “எனக்கு அம்மா மாதிரி ஆயிட்டா, உன்னைப் பார்த்து நான் எழுந்து நிப்பேன்ல. அப்போ என்னைத் திட்டாத.”

அவள் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என் கையைப் பிடித்தாள். “நான் இருக்கேன் லா அக்கா. நீ ஏன் பயப்படுற.”

அந்தக் கையின் சூடு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இந்தக் கதையில் என்னால் மன்னிக்க முடியாதது அதுதான்.

அடுத்த வாரம் போதகர் கூப்பிட்டுவிட்டார். நல்ல மனிதர், சுற்றி வளைத்துத்தான் பேசினார். “சிஸ்டர், நீங்க ரொம்ப நாளா உழைச்சிட்டீங்க. கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க. தங்கச்சி பாத்துக்குவாங்க.” அவர் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திப் பேசினார். அம்மாவிடம் நாங்கள் அப்படித்தான் பேசுவோம்.

வேலையை ஒப்படைக்கிறதாக இருந்தால் ஒழுங்காக ஒப்படைக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ஒரு மத்தியானம் பஸ் பிடித்துத் தனியாகச் சபைக்குப் போனேன். மின்விசிறியைப் போட்டுவிட்டுக் கணினிமுன் உட்கார்ந்தேன். கை தானாகவே டெர்மினலைத் திறந்து பெயரைத் தட்டியது. மீன் லோரிக்காரரின் குடும்பத்தைத் தேடினேன். அவர் இறந்தவர்கள் பகுதியில் இருந்தார். அடக்கத்துக்கு மறுநாள் தேதியோடு, நான் ஏற்றியபடியே இருந்தார்.

யாரோ பிறகு திருத்தியிருக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் கடைசியாகத் திருத்திய தேதியும் அந்த மறுநாள்தான். சந்தேகத்தில், ஞாயிற்றுக்கிழமை தங்கை செய்வதுபோலவே செய்து பார்ப்போம் என்று ஐக்கானை அழுத்தினேன். இரண்டாவதாக ஒரு ஜன்னல் திறந்தது. அதே நிறம், அதே பொத்தான்கள். அதே குடும்பத்தைத் தேடினேன். அங்கே அவர் மனைவியோடு, திருமண நாளோடு, உயிரோடு இருந்தார்.

இரண்டு ஜன்னல்களையும் பக்கத்தில் பக்கத்தில் இழுத்து வைத்தேன். இடது பக்கம் செத்தவர், வலது பக்கம் உயிரோடு. குழந்தையின் பிறந்த நாளைத் தேடினேன். இடது பக்கம் இருந்தது, வலது பக்கம் இல்லை. முகவரி மாறிய குடும்பம் இடது பக்கம் புதிய வீட்டில் இருந்தது, வலது பக்கம் பழைய வீட்டில் இருந்தது. சில விவரங்கள் தலைகீழாகவும் இருந்தன, வலது பக்கம் சரியாக, இடது பக்கம் இல்லாமல். நான் எப்போதாவது ஐக்கான் வழியாகத் திறந்து ஏற்றியவை அவை. நான் செய்த வேலை ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. எல்லாம் இருந்தன, இரண்டு இடத்தில் இருந்தன.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், தலையை மேசையில் வைத்து அழுதேன். என் மூளை என்னிடம்தான் இருக்கிறது. நான் கிராணி வீட்டம்மாவைக் கண்டு எழுந்து நிற்கப்போவதில்லை. ஆண்டவரே, ஆண்டவரே என்று சத்தமாகவே சொன்னேன்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். இணையத்தில் தேடித் தேடிப் படித்தேன். ஒரு பெயரைத் தட்டினால் லினக்ஸ் அந்தப் புரோகிராமை எல்லா இடத்திலும் தேடுவதில்லை. எந்தெந்த ஃபோல்டரில், எந்த வரிசையில் தேட வேண்டும் என்று அதற்கு ஒரு பாதை சொல்லப்பட்டிருக்கும். அந்த வரிசையில் முதலில் எது கிடைக்கிறதோ அதைத் திறந்துவிடும், அதற்குப் பின்னால் இருப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. லயத்தில் நின்று “பாப்பா” என்று கூப்பிட்டால் எந்த வீட்டுப் பாப்பா முதலில் தலையை நீட்டுகிறாளோ அவள்தான் வருவாள், அது மாதிரி. டெர்மினலுக்கு ஒரு வரிசை, ஐக்கானுக்கு ஒரு வரிசை இருக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். டெர்மினலின் அமைப்பில் ஒரு வரி சேர்த்தால் அது டெர்மினலுக்கு மட்டும்தான் தெரியும், மேசைத்திரைக்குத் தெரியாது என்றும் எழுதியிருந்தார்.

‘விச்’ என்று ஒரு கட்டளை உண்டு. எந்தப் புரோகிராமைத் திறக்கிறாய் என்று அதைக் கேட்டால் முகவரியைச் சொல்லும், எல்லாவற்றையும் சொல் என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்லும். கேட்டேன். இரண்டு முகவரி சொன்னது. ஒன்று கணினியின் பொது ஃபோல்டரில், எஞ்சினியர் வைத்த இடத்தில் இருந்தது. இன்னொன்று எங்கள் சொந்த ஃபோல்டருக்குள் இருந்தது. பாதையைக் காட்டச் சொன்னேன். சொந்த ஃபோல்டர்தான் முதலில் நின்றது. ஐக்கானின் குறிப்பைத் திறந்து பார்த்தேன், வெறும் பெயர் மட்டும்தான் இருந்தது. மேசைத்திரைக்கு அந்தச் சொந்த ஃபோல்டர் தெரியாததால் அது பொது ஃபோல்டரில் இருந்ததைத் திறந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பிரதியும் தன் விவரங்களைத் தனித்தனிக் கோப்பில் சேமித்துக்கொண்டது. பெயர் ஒன்று, நிறம் ஒன்று, புத்தி இரண்டு.

இந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது. வேறு யார், தங்கைக்குத்தான் போன் போட்டேன். “சபைக்கு வா, உனக்கு ஒன்னு காட்டணும்” என்று மட்டும் சொன்னேன். என் குரலில் சிரிப்பு இருந்திருக்க வேண்டும், அவள் கறிபாப் பலகாரம் வாங்கிக்கொண்டு வந்தாள். கதவருகில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே கத்தினேன். “பாருடி, ரெண்டு இருக்கு. நான் மறக்கல.”

அவள் வந்து திரையைப் பார்த்தாள். இரண்டு ஜன்னல்களையும் பார்த்தாள். நான் இன்னும் ஒன்றும் விளக்கவில்லை. “ஆமா, ஐக்கான் பழசத்தான் திறக்கும்” என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. கறிபாப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள்.

“உனக்கு எப்போலேருந்து தெரியும்?”

“அக்கா, உக்காரு.”

“உக்காந்துதான் இருக்கேன். எப்போலேருந்து?”

எஞ்சினியர் புதுப் பதிப்பு ஒன்று அனுப்பியிருந்தாராம். பொது ஃபோல்டரில் வைக்கக் கடவுச்சொல் கிடைக்காததால், இவள் இருந்த விவரங்களின் நகலோடு சொந்த ஃபோல்டரில் வைத்து, டெர்மினலின் பாதையில் அதை முன்னால் சேர்த்திருக்கிறாள். ஐக்கானை மாற்ற மறந்துவிட்டாள். குழந்தையின் பிறந்த நாள் விட்டுப்போன வாரத்தில்தான் தேடிப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறாள். அதற்குள் இரண்டு பக்கமும் விவரங்கள் கலந்துவிட்டன. மெதுவாக ஒட்டவைத்துவிடலாம் என்று நினைத்தாளாம். அதற்குள் சபையில் என் ஞாபகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்களாம்.

“அப்போ நான் உன்கிட்ட வந்து கேட்டேனே. கம்ப்யூட்டர் மறக்காதுன்னு சொன்னியே.”

அவள் கறிபாப் பொட்டலத்தை ஓரமாக நகர்த்தினாள்.

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனியே. நான் கடிகாரம் வரையறப்போ பக்கத்துல உக்காந்திருந்தியே. அங்கயாச்சும் சொல்லக்கூடாதா?”

“சொல்லணும்னுதான் வந்தேன். அக்கா, நீ சின்ன வயசுலேருந்து என்கிட்ட எதையும் கேட்டதில்ல. இதைச் செய், அதைச் செய்யின்னு சொல்லித்தான் பழக்கம். அந்த மாசம்தான் நீ என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்ட. கார் சாவி குடுத்த. ராத்திரி போன் பண்ணி, கேஸ் அடைச்சேனான்னு கேட்ட. சொல்லிட்டா எல்லாம் பழையபடி ஆயிடும்னு…” அவள் முகத்தை மூடிக்கொண்டாள். “எனக்கு நல்லா இருந்துச்சுக்கா.”

எனக்கு வாயில் கெட்ட வார்த்தைதான் வந்தது, சபைக்குள் உட்கார்ந்திருந்ததால் விழுங்கினேன். அன்னியன் ஒருவன் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். இவள் கூடவே இருந்து குழி பறித்தவள். அதுவும் அந்தக் குழி எவ்வளவு ஆழம் என்று அம்மாவின் கட்டிலருகே நின்று பார்த்தவள்.

“உனக்கு நல்லா இருக்கறதுக்கு என் மூளைதான் கெடைச்சுதாடி?” என்று கேட்டேன். அவள் அழுதாள். நான் அழவில்லை, என் அழுகை அதற்கு முன்பே தீர்ந்துவிட்டது.

அவளை மௌஸைத் தொட விடவில்லை. இரண்டு ஜன்னல்களையும் வைத்துக்கொண்டு, குடும்பம் குடும்பமாகப் பார்த்து, வலது பக்கம் மட்டும் இருந்தவற்றை இடது பக்கம் ஏற்றினேன். பழைய பிரதியை எடுக்கக் கடவுச்சொல் கேட்டது, அதை இருந்த இடத்திலேயே விட்டேன். ஐக்கானின் குறிப்பில் வெறும் பெயரை எடுத்துவிட்டு, புரோகிராம் இருக்கும் முழு முகவரியையும் எழுதினேன். கணினியிலிருந்து வெளியேறித் திரும்ப நுழைந்தேன். தட்டிப் பார்த்தேன், அழுத்திப் பார்த்தேன், இரண்டிலும் மீன் லோரிக்காரர் இறந்திருந்தார். கறிபாப் ஆறிப்போய்க் கிடந்தது, யாரும் தொடவில்லை. கார் சாவியைக் கேட்டேன், கொடுத்தாள்.

“பாஸ்டர்கிட்ட நானே சொல்லிடறேன் அக்கா. எல்லாத்தையும் சொல்லிடறேன்” என்றாள் வாசலில். அந்த ஒன்றையாவது நேராகச் செய்வாள் என்று நம்பினேன். திரும்பவும் நம்பினேன் பாருங்கள்.

அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் போதகர் சிரித்த முகத்தோடு சொன்னார். கணினியில் ஒரு சின்னக் கோளாறு இருந்ததாம், அதனால் சில பெயர்கள் தவறாக வந்தனவாம், நம் சகோதரி ஒருவர் சிரமப்பட்டுக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டாராம். சொல்லிவிட்டு என் தங்கையைக் கைகாட்டினார். சபை கைதட்டியது. கணினிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவள் எழுந்து ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டாள். என் பக்கத்தில் இருந்த பெண்மணி என் கையைத் தட்டி, “நல்ல தங்கச்சி உங்களுக்கு. உங்களையும் இப்படித்தான் பாத்துக்குவாங்க, கவலைப்படாதீங்க” என்று மெதுவாக, வார்த்தை வார்த்தையாகச் சொன்னார்.

அந்த வாரம் அவளுக்குப் பிறந்த நாள். பெயர் திரையில் வந்ததும் அவள் எழுந்து என்னிடம் வந்தாள். “கொஞ்சம் பாத்துக்கோ அக்கா” என்றாள், கண்ணைப் பார்க்காமல். நான் போய்க் கணினிமுன் உட்கார்ந்தேன். அவள் முன்னால் போய் நின்றாள். வேறு யாருக்கும் அந்த வாரம் நாள் இல்லை, அவள் மட்டும் தனியாக நின்றாள்.

“குடும்பத்தார் யாராச்சும் கூட வந்து நில்லுங்க” என்றார் போதகர்.

எங்கள் குடும்பத்தில் யார் மிச்சம் என்று எல்லோருக்கும் தெரியும். தலைகள் என் பக்கம் திரும்பின. அவளும் திரும்பிப் பார்த்தாள். நான் மௌஸில் வைத்த கையை எடுக்கவில்லை. சொன்னது எனக்குப் புரியவில்லை என்று அவர்கள் நினைத்திருக்கலாம், நினைத்துக்கொள்ளட்டும்.

பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். மீன் லோரிக்காரரின் மனைவி. அன்று பாதி வழியில் நின்ற அதே இடத்தைத் தாண்டி நடந்துபோய், என் தங்கையின் பக்கத்தில் நின்று, அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். யாரால் தனியாக நின்றோம் என்பது தெரியாது. என் தங்கை அழ ஆரம்பித்தாள், அந்த அக்கா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

போதகர் கண்ணை மூடினார். ஜெபத்தின்போது திரையை அணைத்துவைப்பது வழக்கம். அவள் பெயர் அதில் பெரிதாக இருந்தது. அணைத்தேன்.